இளக்குநீர் இலக்கணம்

பாயிரம்

காஞ்சிபுரத்தை ஆராய்ந்தவர்களுக்குக் கணக்கில்லை. கைலாசநாதர் கோயில் மணற்கல்லில் எது பல்லவர் செதுக்கியது, எது பின்னால் வந்தவர்கள் பூசியது என்று பிரித்து எழுதிவிட்டார்கள். கோர்வைச் சேலைக்கு எத்தனை நாடா ஓட வேண்டும், கோயில் இட்லிக்குச் சுக்கு எவ்வளவு, மிளகு எவ்வளவு என்பதெல்லாம்கூட ஏட்டில் ஏறியாயிற்று. ஆனால் ஒரு பிளாஸ்டிக் மாதிரி விமானத்தின் இறக்கையில், ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டச் சின்னத்தைச் சுருக்கம் விழாமல் ஒட்டுவது எப்படி என்பது பற்றி இந்த ஊர் அறிஞர்கள் வாயே திறக்கவில்லை. இதனால் நாட்டுக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள், ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டுத் தலைப்புகளை ஒருமுறை வாசித்துவிட்டு வந்து கேட்கலாம்.

மரபுப்படி நூற்பாவில் தொடங்குவோம்.

நீரில் நெகிழ்ந்து தாளினை நீங்கிப்
பாரில் அமர்ந்து படிவம் தழுவி
வரைந்ததே போல வயங்கல் டீக்கால்.

பார் என்றது பூமியை அன்று, பிளாஸ்டிக் பரப்பை. படிவம் என்றது தகடுகள் சேரும் பள்ளக் கோட்டையும் ஆணித் தலையையும். ‘வரைந்ததே போல’ என்றதனால், ஒட்டியது என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அது டீக்கால் ஆகாது, ஸ்டிக்கர் ஆகும் என்பது பெறப்பட்டது. நூற்பாவையும் உரையையும் ஒருவரே எழுதுவதில் இந்த வசதி உண்டு. பின்னால் எடுக்க வேண்டிய பொருளை முன்னாலேயே உள்ளே வைத்துவிடலாம்.

ஸ்டிக்கருக்கும் டீக்காலுக்கும் உள்ள பேதத்தை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. ஸ்டிக்கர் தன் பசையைத் தன் முதுகிலேயே சுமந்து வரும்; தடிமன் உண்டு; நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் முழுசாக வந்துவிடும். சென்னைப் போக்குவரத்துப் போலீசார் 2024-இல் ‘பிரஸ்’, ‘வக்கீல்’ என்று வண்டிகளில் ஒட்டியிருந்ததை எல்லாம் எடுக்கச் சொன்னபோது, எடுக்க நினைத்தவர்கள் உடனே எடுத்துவிட்டார்கள். டீக்காலாக இருந்திருந்தால் நடந்திருக்காது. அது அச்சு மையும் அதைத் தாங்கும் லாக்கர் படலமும் மட்டுமே. நீரில் கரையும் பசை தடவிய தாளில் படுத்திருக்கும். தண்ணீர் பட்டதும் தாளை விட்டு வழுக்கி, போன இடத்தில் ஒன்றிப்போகும். அப்புறம் சுரண்டத்தான் முடியும். பீரோ கண்ணாடியில் வரிசையாக ஒட்டிவைத்த பொட்டும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்களின் மேல் ஏறிய படங்களும் ஸ்டிக்கர் வகையைச் சேர்ந்தவை. அவற்றை ஆராயத் தனித் துறை இருக்கிறது. அதற்கு நிதியும் இருக்கிறது.

டீக்கால் நமக்குப் புதிது என்று நினைப்பதும் பிழை. பாட்டி வீட்டுச் சிங்கர் தையல் மெஷினின் கறுப்பு உடம்பில் ஓடிய தங்கக்கொடியை யாரும் உட்கார்ந்து வரையவில்லை; தாளிலிருந்து வழுக்கிவிட்டதுதான். அதற்கும் முன்னால், 1756-இல், லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர், அச்சடித்த தாளைச் சுட்ட ஓட்டின் மேல் அழுத்தி, ஆறு மணி நேரத்தில் 1,200 ஓடுகளுக்கு மேல் படம் ஏற்றினோம் என்று சத்தியப் பிரமாணமே எழுதிக் கொடுத்தார்கள். கையால் வரைகிறவர்கள் அன்றைக்கு என்ன சொல்லித் திட்டியிருப்பார்கள் என்பதை, விசைத்தறி வந்த நாளில் காஞ்சி நெசவாளர்களின் பிள்ளையார்பாளையத்தில் இருந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

நம் பங்குக்கு நாம் உருவாக்கியது எச்சில் மரபு. பபிள்கம் வாங்கினால் கூடவே ஒரு படத் தாள் வரும். மணிக்கட்டை நக்கி, தாளைக் கவிழ்த்து, பத்து எண்ணி, மெல்ல உரித்தால் புலியோ மண்டையோடோ கையில் இருக்கும். டீக்காலை நெகிழ வைக்கும் இளக்குநீரைத் தன் நாக்கிலேயே வைத்திருந்த அந்தப் பள்ளிக்கூடப் பையனுக்கு, மாதிரி விமானக்காரர்கள் நூற்றுக்கணக்கில் செலவழித்து வாங்கும் புட்டியைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

நிலவியல்

இந்த ஆராய்ச்சிக்குக் காஞ்சிபுரத்தைத் தேர்ந்தது ஏன் எனின், ஆய்வாளரின் வீடு அங்கே இருக்கிறது. இது போதாது என்பவர்களுக்கு இன்னொரு காரணம். ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் அரக்கோணம்; அங்கே 1992 மார்ச்சில் தொடங்கிய கடற்படையின் ராஜாளி விமானத் தளம். அந்த ஆண்டிலிருந்து 2017 மார்ச் வரை டியூ-142 என்ற ரஷ்ய விமானம் அங்கிருந்துதான் கிளம்பும். ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை விசிறி. அப்படி நான்கு எஞ்சின். மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருப்பவர்கள்கூட, அந்தச் சத்தத்துக்குப் பிழிவதை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பார்கள். இறக்கை நுனிக்கு நுனி 50 மீட்டர். 144-இல் ஒரு பங்காகச் செய்தால் 35 சென்டிமீட்டர். டிவி மேல் வைக்கலாம். 72-இல் ஒரு பங்காகச் செய்தால் 70 சென்டிமீட்டரை நெருங்கும். அதற்கு வீட்டில் ஒப்புதல் கிடைக்காது.

மாதிரி விமானம் வரும் பெட்டியின் பூகோளமும் கவனிக்கத்தக்கது. 1950-களில் ஸ்பிட்ஃபயர் விமானத்தோடு இந்தப் பைத்தியத்தைப் பரப்பிய ஏர்ஃபிக்ஸ் இங்கிலாந்துக் கம்பெனி. 2010-களில் வந்த அதன் பெட்டிகள் பலவற்றில் ‘இந்தியாவில் தயாரித்தது’ என்று போட்டிருக்கும். உள்ளே டீக்கால் தாளில் இத்தாலியின் கார்ட்டோகிராஃப் பெயர். அதாவது இந்தியாவில் வார்த்து, இத்தாலியில் அச்சிட்ட தாளை உள்ளே வைத்து, இங்கிலாந்துப் பெயரில் கடைக்குப் போன ஒன்றை, காஞ்சிபுரத்துக்காரன் கப்பல் கூலியும் சுங்கமும் கட்டித் திரும்ப வரவழைக்கிறான். இதைப் பட்டுக் கடைக்காரர் ஒருவரிடம் அதிசயமாகச் சொன்னேன். அவர் அசையவில்லை. “நூல் கர்நாடகாவிலிருந்து வருது, ஜரிகை சூரத்திலிருந்து வருது, நெசவு இங்க, கல்யாணம் அமெரிக்காவுல. நீங்க என்னமோ புதுசா சொல்றீங்களே” என்றார்.

நீரியல்

முதலில் தண்ணீர். வேண்டிய சின்னத்தை அச்சின் ஓரத்தை ஒட்டி வெட்டிக்கொள்ள வேண்டும். கோர்வைச் சேலையில் உடலும் பார்டரும் சேருமிடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் கைவேலைக்குச் சாட்சி. டீக்காலில் ஓரம் தெரிந்தால் கைவேலை சரியில்லை என்பதற்குச் சாட்சி. வெட்டியதை நீரில் முக்கி, பத்துப் பதினைந்து விநாடியில் எடுத்து, ஈரத்தோடு டிஷ்யூ மேல் ஒரு நிமிடம் கிடத்த வேண்டும். பசை தானாக இளகும். நேரம் மிச்சம் என்று தண்ணீரிலேயே விட்டுவிட்டால் பசை முழுக்கக் கழுவிப் போய், சின்னம் தனியே மிதந்து, சில நேரம் தலைகீழாகத் திரும்பி, கிண்ணத்தின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். நாற்பது ஆண்டு தேவராஜ சுவாமி கோயில் குளத்து நீருக்குள் இருந்துவிட்டு 2019-இல் எழுந்து, 48 நாள் ஊர் கொள்ளாத கூட்டத்துக்குச் சேவை சாதித்தவர் அத்திவரதர் ஒருவர்தான். அது அவருக்கு ஆகும். டீக்காலுக்குப் பதினைந்து விநாடி.

எந்தத் தண்ணீர் என்பதும் கேள்வி. காஞ்சிப் பட்டில் சாயம் இப்படி ஏறுவதற்குப் பாலாற்று நீர்தான் காரணம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று குழாயைத் திறந்தால் வருவது போர்வெல் தண்ணீர். அதில் முக்கி ஒட்டினால், காய்ந்த பிறகு சின்னத்தைச் சுற்றி வாளியின் விளிம்பில் படிகிற அதே வெள்ளை உப்பு வளையமாக நிற்கும். ஆகவே கேன் தண்ணீர். சோற்றுக்குப் போர்வெல் தண்ணீரும் விமானத்துக்குக் கேன் தண்ணீருமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுப்பப்பட்டு, பதிலின்றி நிலுவையில் உள்ளது.

அடுத்தது பரப்பு. போர் விமானங்களுக்குப் பெரும்பாலும் மங்கல் பெயின்ட். மங்கலான பெயின்ட் என்பது உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும். அதன் மேல் டீக்காலைக் கிடத்தினால் படலம் மேடுகளில் மட்டும் தொட்டு நிற்கும், பள்ளங்களில் காற்று. வெளிச்சம் படும்போது அந்தக் காற்று வெள்ளிப் பூச்சாக மினுக்கும். வெளிநாட்டுக்காரர்களும் இதை வெள்ளி பூத்தல் என்றே சொல்கிறார்கள். ஜரிகையில் வெள்ளி இருந்தால் சேலைக்கு விலை. டீக்காலுக்கு அடியில் வெள்ளி தெரிந்தால் விமானமே வீண். பரிகாரம் எளிது: முதலில் பளபளக்கும் வார்னிஷ் ஒரு கை அடித்துப் பரப்பைச் சமமாக்கு, அதன் மேல் ஒட்டு, எல்லாம் முடிந்த பின் மங்கல் வார்னிஷால் மூடு. மங்கலாக வேண்டும் என்றால் முதலில் பளபளப்பாக்கு என்ற இந்த விதி, கேட்கிற யாருக்கும் முதல் தடவையில் ஏறுவதில்லை.

இப்போது நூலின் தலைவனுக்கு வருவோம். இளக்குநீர் இருவகைப்படும். முதலாவது பதிநீர்: டீக்கால் உட்காருவதற்கு முன் பரப்பில் தடவுவது. அமெரிக்காவின் மைக்ரோஸ்கேல் கம்பெனியின் மைக்ரோ செட் இந்த இனம். திறந்தால் ஊறுகாய் வாசனை அடிக்கும், ஏனென்றால் அதில் இருப்பது அசிட்டிக் அமிலம். தண்ணீர் துளியாக உருளாமல் பரவி நிற்கவும், சின்னம் கச்சிதமாகக் கவ்வவும் அது உதவும். இரண்டாவது, அசல் இளக்குநீர்: ஒட்டிய பிறகு மேலே தடவுவது. மைக்ரோ சால், ஜப்பானின் மிஸ்டர் மார்க் சாஃப்டர் ஆகியவை இந்த இனம். இதே இனத்தில் ரயில் மாதிரிக்காரர்கள் கொண்டாடும் சால்வாசெட் முரட்டுப் பிள்ளை. பலவீனமான டீக்காலை இளக்குவதோடு நிற்காமல் கரைத்தே விடும். தாளில் வீணாகக் கிடக்கும் ஏதாவது ஓர் எழுத்தில் முதலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சின்னத்தில் கை வைக்க வேண்டும்.

வினிகர் போதுமே என்று சொல்லும் ஒரு பிரிவு நம் நாட்டில் வலுவாக இருக்கிறது. மளிகைக் கடை வினிகரில் அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு நாலு அளவில் இருக்கும். பதிநீர் வேலையை அது ஓரளவு பார்க்கும். மெல்லிய டீக்காலைச் சற்று வளைக்கவும் செய்யும். ஆனால் பழைய பெட்டியில் வருகிற தடித்த டீக்காலிடம் வினிகரைக் காட்டினால் அது அசையவே அசையாது. வினிகர்வாதிகள் இதை ஏற்பதில்லை. நூறு ரூபாய்க்குள் முடிகிற ஒரு கொள்கையை வாதத்தால் வீழ்த்த முடியாது என்பது என் துணிபு.

விரலியல்

மேலே சொன்னவை எல்லாம் யாரும் செய்யக்கூடியவை. இந்தக் கலையில் தேறியவரையும் தேறாதவரையும் பிரிப்பது அடுத்து வரும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, அதுதான் சிரமம்.

மிக்-21 எடுத்துக்கொள்வோம். 1963 முதல் 2025 செப்டம்பர் 26 வரை இந்திய விமானப்படையில் பறந்தது. ஓய்வு பெற்ற பிறகு எல்லாரும் அதன் மாதிரி ஒன்று செய்யப் புறப்பட்டுவிட்டார்கள். 1/72 அளவில் இறக்கை முழுவதும் பத்து சென்டிமீட்டர். அதன் மேல் மூவண்ண வட்டச் சின்னம் உட்கார்ந்திருக்கிறது. நீரை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி எடுத்தாயிற்று. ஆனாலும் படலம் தகட்டுக் கோட்டின் மேல் பாலம் கட்டி நிற்கிறது. நிஜ விமானத்தில் ஐந்து மில்லிமீட்டர் தலையுள்ள ஆணி இந்த அளவில் 0.07 மில்லிமீட்டர், அந்தக் குமிழுக்கும் படலம் வளைந்து கொடுக்க வேண்டும். தூரிகை நுனியில் இளக்குநீர் எடுத்து மேலே பரப்புகிறோம்.

முதல் அரை நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு ஓரத்தில் ஒரு நெளிவு கிளம்பும். அது உள்ளே ஓடும். இன்னொன்று எதிர்ப்பக்கம் கிளம்பும். காவிக்கும் வெள்ளைக்கும் நடுவில் இருந்த வட்டக்கோடு கோணல் மாணலாகி, பச்சை வளையம் சில இடத்தில் மடிந்து, சற்று முன் கச்சிதமாக இருந்த சின்னம் மழையில் நனைந்த தேர்தல் சுவரொட்டி ஆகிவிடும். பார்ப்பவர் யாராக இருந்தாலும் வாயில் “ஐயோ” வரும். கூடவே ஆட்காட்டி விரல் புறப்படும்.

நடப்பது இதுதான். இளக்குநீரைக் குடித்த லாக்கர் படலம் ஊதி விரிகிறது. விரிந்ததற்குக் கீழே இடம் போதவில்லை; ஆகவே சுருங்கி மேலே எழும்புகிறது. அந்த நேரத்தில் அதற்கு எலும்பே கிடையாது. பிறகு நீர் ஆவியாகும். படலம் திரும்ப இறுகும். இறுகும்போது பள்ளத்தில் உள்ள பள்ளத்துக்கும் மேட்டில் உள்ள மேட்டுக்கும் தானே போய் அமரும். தொடாமல் இருந்தால் எல்லாம் சரியாகும். தொட்டால் கிழியும். கிழிந்ததற்கு உலகில் எங்கும் மருந்து விற்பதில்லை.

உத்திரமேரூரிலிருந்து வந்திருந்த மாமா ஒருவர் சரியாக இந்தக் கட்டத்தில் அறைக்குள் நுழைந்தார். “என்னப்பா இது, இவ்ளோ கஷ்டப்பட்டு ஒட்டி, சுருங்கிப் போச்சே” என்றபடி, பாசத்தோடு கட்டைவிரலால் ஒரு நீவு நீவினார். காவி வட்டம் அவர் கைரேகையோடு போய்விட்டது. மாமா அதைப் பார்த்துவிட்டு, “பசை சரியில்ல” என்று தீர்ப்பும் சொன்னார். ஆய்வு நெறிப்படி இதைப் ‘புற விசைகளின் தாக்கம்’ என்று பதிவு செய்திருக்கிறேன். புற விசைகள் பெரும்பாலும் பெண்ணெடுத்த வழியில் வருபவை. காபி கொடுத்துக் கூடத்திலேயே உட்கார வைப்பது நலம்.

இதற்கு மாறாக, பக்கத்து வீட்டுத் தறிக்காரர். நாற்பது வருஷமாகக் குழித்தறியில் இருப்பவர். மின்சாரம் போன ஒரு சாயங்காலம் திண்ணைக்கு வந்தவர், சின்னம் நெளிந்துகொண்டிருந்ததைக் குனிந்து பார்த்தார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“தம்பி, இது ஈரமா இருக்குதா?”

“ஆமாண்ணே.”

“அப்ப விட்டுடு. நனைஞ்ச இழைய இழுத்தா அறுந்துடும். காயட்டும், அதுவே சொல்லும்.”

பிறகு தன் சேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடித்தபோது வட்டம் பெயின்டில் வரைந்தது போல் உட்கார்ந்திருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, தெரிந்ததுதானே.

ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பத்து நிமிடம் அரை மணியாகும். அடைமழையில் குழித்தறிக்குள் தண்ணீர் ஊறி நெசவு நின்றுவிடும். பாவு நூலைத் தெருவில் விரிக்க முடியாது. டீக்காலும் அப்படியே, காயாது. தாள் உறைக்குள் இருந்தாலும் ஈரம் குடித்துத் தன்மேல் மூடிய டிஷ்யூவோடு ஒட்டிக்கொள்ளும். கத்திரி வெயில் மட்டும் நம் பக்கம். ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்து மஞ்சளேறிய டீக்கால் தாளைக் கவரில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் வெயில் பார்க்க ஒட்டிவைத்தால் மஞ்சள் வெளுக்கும். லண்டன் வெயிலில் வாரக்கணக்கில் ஆவது இங்கே சட்டென்று ஆகிவிடும். இந்த ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல நல்லதாக ஒன்று கிடைத்ததில் மகிழ்ச்சி.

யானையியல்

வளைந்த பரப்பு இரண்டு வகை. குழாய் ஒரு பக்கம் மட்டும் வளையும். அதில் எந்தத் தாளும் படியும். பந்து எல்லாப் பக்கமும் வளையும்; அதில் மடிப்பு விழாமல் தாளை ஒட்ட யாராலும் முடியாது. விமானத்தின் மூக்கு, எரிபொருள் தொட்டியின் முனை எல்லாம் இரண்டாம் வகை. ஓரத்தில் மெல்லிய கீறல்கள் போட்டு, பிறகு இளக்குநீரை மூன்று நான்கு சுற்று ஊட்டினால்தான் படியும்.

இந்த இரண்டாம் வகைக்குக் காஞ்சிபுரம் தரும் மிகப் பெரிய எடுத்துக்காட்டு கோயில் யானையின் நெற்றி. இரண்டு மேடு, நடுவில் பள்ளம், கீழே துதிக்கை தொடங்கும் சரிவு, எல்லாம் அசையும், மேலே முடி வேறு. அதன் மேல் சமச்சீராக ஒரு நாமம் வரைய வேண்டும். வடகலை நாமம் அடியில் வளைந்து முடியும். தென்கலை நாமத்துக்குக் கீழே பாதம் உண்டு. அது துதிக்கையின் சரிவில் இறங்கும். வடிவ கணிதப்படி எது யானைக்கு எளிது என்று இக்கட்டுரையாளருக்கு ஒரு கருத்து உண்டு. அதை அவர் சொல்லப் போவதில்லை. அவர் இந்த ஊரிலேயே தொடர்ந்து வசிக்க விரும்புகிறார்.

தேவராஜ சுவாமி கோயிலில் யாருக்கு எந்த உரிமை என்று இரண்டு கலையாருக்கும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நீதிமன்ற வழக்குகள் நடந்து வந்திருக்கின்றன. யானைக்கு எந்த நாமம் என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனதாகவும், யானை அதற்குள் வைகுண்டம் சேர்ந்துவிட்டதாகவும் ஊரில் ஒரு கதை உலவுகிறது. கதையைக் கதையாகவே எடுத்துக்கொண்டாலும் அதில் ஒரு தொழில்நுட்ப உண்மை அடங்கியிருக்கிறது. திருமண்ணைத் தண்ணீரில் குழைத்துத்தான் இடுகிறார்கள். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். காலையில் ஒருவர் இட்டதை மாலையில் இன்னொருவர் அழித்து மாற்றி இடலாம். வழக்கு நீண்டதற்குச் சட்டம் காரணமில்லை, ஊடகம்தான் காரணம். முறையாகப் பளபளப்பு வார்னிஷ் அடித்து, டீக்கால் ஒட்டி, இளக்கி, மேலே மங்கல் வார்னிஷும் பூசியிருந்தால் முதல் நாளே விஷயம் முடிந்திருக்கும். யானை சம்மதித்திருக்குமா என்பது வேறு.

நிறவியல்

1932-இல் தொடங்கிய இந்திய விமானப்படை முதலில் பிரிட்டிஷ் வட்டத்தையே அணிந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழம்பி நம்மை நாமே சுட்டுக்கொள்ளக் கூடாது என்று நடுச் சிவப்பை எடுத்துவிட்டார்கள். 1947-க்குப் பிறகு கொஞ்ச காலம் அசோகச் சக்கரம். 1950 முதல் நடுவில் காவி, அடுத்து வெள்ளை, வெளியே பச்சை. ஆக, விமானத்தின் ஆண்டைச் சொன்னால் வட்டத்தைச் சொல்லலாம். மாற்றி ஒட்டியவரை மாதிரி விமானக்காரர்கள் பேசும் பேச்சைக் கேட்டால், மேற்சொன்ன யானை வழக்கு மிகவும் நாகரிகமாக நடந்ததாகத் தோன்றும்.

சங்கடம் காவியில். வெளிநாட்டில் அச்சாகும் டீக்கால்களில் அது பல நேரம் ஆரஞ்சாக இருக்கும், சிலவற்றில் தக்காளி. இதைத் தீர்மானிக்க நிபுணர் குழு அமைக்க வேண்டிய தேவை எழவில்லை. காந்தி ரோட்டில் வரிசையாகப் பட்டுக் கடைகள். நிறத்துக்கென்று ஓர் அகராதியையே வாயில் வைத்திருப்பவர்கள் அங்கே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்: வாடாமல்லி, கிளிப்பச்சை, மயில் கழுத்து, அரக்கு, வெங்காயச் சருகு, பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் நிலைத்துவிட்ட எம்.எஸ். புளூ. தாளை எடுத்துக்கொண்டு போய் ஒரு மூத்த விற்பனையாளரிடம் நீட்டினேன். சேலை எடுக்க வந்தவன் என்று எண்ணி, வாங்கி, வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“பிளவுஸுக்கு மேட்ச் பண்ணணுமா சார்?”

“இல்லீங்க. இது காவியா?”

“இது எப்படிங்க காவி? இது கனகாம்பரம். காவின்னா உள்ளே கொஞ்சம் மண்ணு இருக்கணும்.” பக்கத்தில் இருந்த பையனை அனுப்பி, அலமாரியின் மூன்றாம் தட்டிலிருந்து ஒரு சேலையை இறக்கி, முந்தியை விரித்து, என் தாளை அதன் மேல் வைத்தார். “பாருங்க. இதுதான் காவி. உங்க கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான். ரிட்டர்ன் எடுப்பானா?”

மூன்று நாடுகள் கடந்து வந்த ஒரு தாளின் குறையை அவர் ஐந்து விநாடியில் சொல்லிவிட்டார். நான் சேலை எடுக்கவில்லை என்பது தெரிந்ததும் அடுத்த ஐந்து விநாடியில் தாளும் திரும்பி வந்தது. அன்று முதல் காவிக்கு டீக்கால் கிடையாது. தாளில் உள்ள வட்டத்தை வார்ப்புருவாக வைத்துக்கொண்டு, நடுவை மட்டும் தூரிகையால் தீட்டுகிறேன். கலந்த பெயின்ட்டில் பழுப்பு ஒரு சொட்டு. அதுதான் அவர் சொன்ன மண்.

புறனடை

எழுத்துகள் பற்றி ஒரு சொல். மிக்-21 தாளில் பெரிய சின்னங்கள் பத்து இருந்தால், ‘இங்கே மிதிக்காதே’, ‘இங்கே தூக்கு’ வகையிலான பொடி எழுத்துகள் நூற்றுக்கு மேல். நிஜத்தில் இரண்டு சென்டிமீட்டர் உயர எழுத்து இங்கே 0.28 மில்லிமீட்டர். ஒவ்வொன்றுக்கும் அதே பதினைந்து விநாடி, அதே பதிநீர், அதே பத்து நிமிடம். தறிக்காரர் இவற்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். “யாரு படிக்கப் போறா?” என்று கேட்டார். யாருமில்லை என்றேன். “தலைகீழா ஒட்டினா?” என்றார். தெரியாது என்றேன். “ஆனா நீ நேராத்தான் ஒட்டுவ” என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனார்.

இளக்குநீரைச் சேமிக்கும் முறை பற்றிய விதி வீட்டுக் குழுவால் இயற்றப்பட்டது. வினிகர் புட்டிகள் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று சமையலறைக்கு, மற்றொன்று விமானத்துக்கு. இரண்டின் மீதும் பெயர் ஒட்டப்பட வேண்டும். பெயின்ட் தோய்ந்த தூரிகையை முதல் புட்டியில் விடுபவர் அன்று இரவு ஓட்டலில் சாப்பிட வேண்டும். விதியை ஏற்று, கணினியில் அச்சடித்த இரண்டு லேபிள்களை ஒட்டினேன். மூடியிலிருந்து வழிந்த வினிகரில் ஊறி ஊறி, ஒரு மாதத்துக்குள் இரண்டு லேபிள்களும் சுருங்கி, பசை இளகி, கழன்று விழுந்துவிட்டன. வினிகருக்கு இளக்கும் ஆற்றல் உண்டு என்பதற்கு வினிகர்வாதிகள் இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். எந்தப் புட்டி எது என்று மோந்து பார்த்துத் தீர்மானிக்கும் ஆய்வு இப்போது நடைபெற்றுவருகிறது.